திருடி வைத்தால்தான் வளருமா?

தேன் தடவிய கம்பு, தொட்டியின் அடியில் ஜல்லி, இலையில் பால் என்று வீட்டுச் செடிகளுக்கு ஆயிரம் வித்தைகள். எது பலிக்கிறது, எது பலிப்பதுபோலத் தோன்றுகிறது என்பதைச் சொல்லிவிடும், ஜன்னலோரத்துப் பாட்டில்கள்.

மும்பையின் ஒற்றை அறை வீடோ, தில்லியின் டி.டி.ஏ. பிளாட்டோ, கொல்கத்தாவின் பழைய வீட்டு வராந்தாவோ, ஜன்னலோரத்தில் ஒரு பாட்டில் மணி பிளாண்ட் இருக்கும். அதைப் பற்றிய ரகசியமும் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. காசு கொடுத்து வாங்கினால் செழிக்காது. கேட்டு வாங்கினாலும் அவ்வளவாக வராது. யாரும் பார்க்காதபோது கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் கொடி ஓடும், கூடவே வீட்டில் பணமும் சேரும். மற்ற விஷயங்களில் நாணயமானவர்கள்கூட அடுத்த வீட்டுத் தொட்டியைக் கடக்கும்போது ஒரு கணம் நடையைத் தளர்த்துவதற்கு இதுவே காரணம்.

வேடிக்கை என்னவென்றால், திருடி வைத்த துண்டு பெரும்பாலும் வளரத்தான் செய்கிறது. நம்பிக்கை நீடிப்பதும் அதனால்தான். கேட்கப்படாத கேள்வி ஒன்றே ஒன்று: கேட்டு வாங்கிய துண்டையும் அதே ஜன்னலில், அதே தண்ணீரில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி மணி பிளாண்ட்டோடு நிற்பதில்லை. நர்சரிக்காரர், பக்கத்து வீட்டு மாமி, கைபேசியில் வந்து விழும் வீடியோ என்று எல்லாத் திசைகளிலிருந்தும் யோசனைகள் வருகின்றன. அவற்றில் சில உண்மை. பல வீண். ஒன்றிரண்டு ஆபத்தானவை. எது எந்த வகை என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும் சில காலி பாட்டில்களும் போதும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், இனப்பெருக்கம் பற்றிய பாடத்தில், மணி பிளாண்ட்டை வைத்தே ஒரு செய்முறை உண்டு. கொடியை இலையோடு சேர்ந்த துண்டுகளாகச் சிலவும், இரண்டு இலைகளுக்கு இடைப்பட்ட வெறும் தண்டாகச் சிலவும் வெட்ட வேண்டும். எல்லாவற்றின் ஒரு முனையையும் தண்ணீரில் வைத்துக் கவனிக்க வேண்டும். இலையோடு வெட்டியது துளிர்க்கும். வெறும் தண்டு துளிர்க்காது. காரணம் கணு. இலைக்காம்பு தண்டோடு சேரும் அந்த இடத்தில்தான் புதுக் கிளைக்கான மொட்டு ஒளிந்திருக்கிறது. பழுப்பு நிறத்தில் புடைத்துத் தெரியும் வேர்முனையும் அங்கேதான். கணு இல்லாமல் இலையை மட்டும் காம்போடு கிள்ளி வைத்தால் அது வாரக்கணக்கில் பச்சையாக நின்று ஏமாற்றும். அதிலிருந்து கொடி வராது.

திருட்டின் மர்மமும் இங்கேயே அவிழ்கிறது. அவசரத்தில் கிள்ளுகிறவர் கையோடு வருவது கொடியின் நுனி. அதில் இரண்டு மூன்று கணுக்களாவது இருக்கும். அதுவும் செழித்து நிற்கும் கொடியிலிருந்து வந்தது. வாடிய செடியை யாரும் திருடுவதில்லை. திருடி வைத்தும் அழுகிப்போனதை யாரும் வெளியே சொல்வதுமில்லை.

கொடியின் கோணத்தில் பார்த்தால் இந்தத் தகராறே அர்த்தமற்றது. இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரியா தீவு. இது பூப்பது மிக மிக அரிது. பூப்பதற்குத் தேவையான கிப்பரெல்லின் என்ற ஹார்மோனைச் செடியால் போதிய அளவு தயாரிக்க முடியாததே காரணம் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லை என்றால் விதையும் இல்லை. நாட்டின் ஜன்னல்களில் தொங்கும் மணி பிளாண்ட் எல்லாம் ஏதோ ஒரு கொடியின் வெட்டுத் துண்டிலிருந்து வந்ததுதான். வாங்கியதா, கேட்டதா, களவாடியதா என்ற பேதம் மனிதர்களுக்கு மட்டுமே.

மற்ற வித்தைகளைச் சோதிக்கவும் இதே முறைதான். ஒரே கொடியிலிருந்து ஒரே அளவில் பத்துத் துண்டுகள். ஐந்துக்கு வித்தை, ஐந்துக்கு ஒன்றும் இல்லை. ஒரே மாதிரிப் பாட்டில், ஒரே ஜன்னல், ஒரே நாளில் தண்ணீர் மாற்றம். வேறுபாடு ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் போதாது. ஒரு துண்டு எந்தக் காரணமும் இல்லாமல் அழுகலாம். பாட்டிலில் தேதியை ஒட்டிவிட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் பல வித்தைகளின் சாயம் வெளுக்கிறது. பட்டைத் தூள் தொட்ட துண்டுகள் வேர்விடும், தொடாதவையும் வேர்விடும். மணி பிளாண்ட், கோலியஸ், புதினா போன்றவை வெறும் தண்ணீரிலேயே வேர்விடும் இனங்கள். இவற்றின் மேல் எந்த வித்தையைக் காட்டினாலும் வெற்றி நிச்சயம். பலித்தது வித்தையா, செடியா என்று பிரித்துப் பார்க்கத்தான் வித்தை காட்டப்படாத அந்த ஐந்து துண்டுகள்.

உண்மையான பரீட்சை ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ போன்ற கட்டைக் கம்புகளில்தான். வேர்விடுதலைத் தூண்டுவது ஆக்சின் என்ற ஹார்மோன். வெளிச்சத்தை நோக்கி நாற்று ஏன் வளைகிறது என்று சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-ல் எழுதியதில் தொடங்கிய தேடல் இது. 1930-களின் நடுவில், இண்டோல் பியூட்ரிக் அமிலம் கம்புகளில் வேரைத் தூண்டும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நர்சரிகளில் சின்ன டப்பாவில் விற்கும் வேர்விடும் பொடியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். கடினமான கம்புகளில் இது கண்கூடாக உதவும். அதிகம் பூசினால் கெடுக்கவும் செய்யும்.

தேன், பட்டை, மஞ்சள் ஆகியவற்றின் கதை வேறு. கிருமிகளையோ பூஞ்சையையோ ஓரளவு தடுக்கும் குணம் இவற்றுக்கு உண்டு. அழுகலைத் தாமதப்படுத்தலாம், ஆனால் ஆக்சினின் வேலையைச் செய்யா. ரோஜாக் கம்பை உருளைக்கிழங்கில் செருகி நடும் வித்தையில் பெரும்பாலும் நடப்பது கிழங்கு முளைப்பது, அல்லது கம்போடு சேர்ந்து அழுகுவது. இளநீருக்கு மட்டும் விஞ்ஞானத்தில் நிஜமான இடம் உண்டு. ஊமத்தை இனத்தின் இளங்கருக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்க 1941-லேயே தேங்காய்த் தண்ணீர் பயன்பட்டது. ஆனால் அதிலுள்ள முக்கியப் பொருள் சைட்டோகைனின். இரண்டு ஹார்மோன்களில் ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் என்று புகையிலைத் திசுக்களில் ஸ்கூக், மில்லர் இருவரும் 1957-ல் காட்டினார்கள். வேர் வேண்டிய கம்பை இளநீரில் ஊறவைப்பது, போகவேண்டிய ஊருக்கு எதிர்த்திசையில் ரயில் ஏறுவதுபோல. இளநீரின் சர்க்கரை புளித்துக் கம்பை அழுக வைப்பது தனிக்கணக்கு.

செலவே இல்லாமல் பலிக்கும் வித்தை ஒன்று உண்டு. வேர் இல்லாத கம்பு சாவது பெரும்பாலும் தாகத்தால்; இலை வழியே போகும் நீரை ஈடுகட்ட வேர் இல்லை. பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, தொட்டிமேல் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். பை மூடிய ஐந்து, மூடாத ஐந்து என்று தில்லியின் வறண்ட ஏப்ரலில் சோதித்தால் வித்தியாசம் சில நாட்களிலேயே கண்ணில் படும். ஆடி மழையில் நட்ட கம்பு பிழைப்பதற்கும் காற்றின் ஈரமே முக்கியக் காரணம்.

ஸ்நேக் பிளாண்ட் இன்னொரு பாடம் தரும். அதன் நீண்ட இலையை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி மணலில் நட்டால் துண்டுக்குத் துண்டு வேர் வரும். ஆனால் இலையில் இருந்தபோது கீழே இருந்த முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் வராது. வெட்டும்போதே அடிமுனையில் ஒரு குறி போடுவது நல்லது. இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. மஞ்சள் விளிம்புள்ள இலையை நறுக்கி நட்டால் முளைப்பது வெறும் பச்சைச் செடி. விளிம்பின் மஞ்சள் வேண்டுமானால் கிழங்கோடு சேர்த்துப் பிரித்து நடுவதுதான் வழி.

வேர்விட்ட செடியைப் பராமரிப்பதிலும் தவறான பாடங்கள் குறைவில்லை. தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது அவற்றில் மூத்தது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். மண்ணும் அப்படித்தான். அடிப்பகுதியில் ஒரு பட்டை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டே இருக்கும். உயரமான மண்ணில் வேர்கள் அந்தச் சேற்றுக்கு மேலே இருக்கும். ஜல்லி போட்டால் மண்ணின் உயரம் குறைந்து, சேறு வேருக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். தேவை ஜல்லி அல்ல. அடியில் அடைபடாத ஓட்டையும், மணலோ தேங்காய் நாரோ கலந்த இளக்கமான மண்ணும்தான்.

டீத்தூளை மண்ணில் போடலாம். ஆனால் நம் வீட்டு டீத்தூளில் பாலும் சர்க்கரையும் சேர்ந்தே வரும்; அலசாமல் போட்டால் எறும்பும் சிறு ஈக்களும் குடியேறும். முட்டை ஓடு மண்ணில் கரையப் பல மாதங்களாகும். இலையில் பாலோ எண்ணெயோ துடைத்தால் பளபளப்பது அன்றைக்கு மட்டும். மறுநாளிலிருந்து தூசி ஒட்டும். ஈரத் துணியே போதும். வீட்டுச் செடிகள் அதிகம் சாவது உரம் குறைந்து அல்ல, அன்பு மிகுந்து ஊற்றிய தண்ணீரில் வேர் மூச்சுத் திணறித்தான். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது எந்த டானிக்கையும்விட மேல்.

வீட்டில் சோதிக்க முடியாத ஒரு நம்பிக்கையும் உண்டு: செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. தில்லியில் நவம்பர் புகைமூட்டம் வந்தால் நர்சரிகளில் ஸ்நேக் பிளாண்ட்டைத் தேடி ஆட்கள் வருவதற்கு இதுவே காரணம். நாசாவின் 1989 அறிக்கை மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த சோதனை. தில்லியின் கமல் மீட்டில் 2009-ல் டெட் மேடையில் தன் அலுவலகக் கட்டடத்தைப் பற்றிப் பேசியது உலகெங்கும் பரவியது. அவர் சொன்ன கணக்கு 300 பேருக்கு 1,200-க்கு மேற்பட்ட செடிகள். ஜன்னலோரத்து இரண்டு தொட்டிகள் அல்ல. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் கணக்கிட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக, காற்றிலுள்ள ரசாயன ஆவிகளை நீக்க, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். படுக்க இடம் இருக்காது. நுரையீரல் நோயாளி உள்ள வீட்டில் செடியை நம்பி முகக்கவசத்தையோ மருந்தையோ தள்ளிப்போடுவது விபரீதம்.

அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, எல்லாம் தொடங்கிய அந்தப் பாட்டில்தான். தண்ணீரை மாற்றாமல் விட்டால் வேர் சீக்கிரம் வரும் என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது இப்படிப்பட்ட, வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீர். முட்டை கொசுவாகி வெளியேற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மூன்று வாரச் சோதனை முடிவதற்குள் கொசு இரண்டு தலைமுறை பார்த்துவிடும். தில்லியில் 1996-ல் டெங்கு பரவியபோது 10,252 பேர் பாதிக்கப்பட்டார்கள்; 423 பேர் இறந்தார்கள். மழைக்காலத்தில் மாநகராட்சி ஊழியர்கள் கதவைத் தட்டி ஏர் கூலரோடு மணி பிளாண்ட் பாட்டிலையும் எட்டிப் பார்ப்பது வெறும் சடங்கல்ல.

தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். புதுத் தண்ணீரில் பிராணவாயு அதிகம் என்பதால் வேருக்கும் நல்லது. வேர் இரண்டு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிட்டால் கவலையே இல்லை. மண்ணில் வைத்த பிறகும் குழந்தைகள் எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம். இந்த இலையைக் கடித்தால் ஊசிபோன்ற ஆக்ஸலேட் படிகங்கள் வாயைப் புண்ணாக்கி வீங்க வைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் திருடித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், இரண்டு துண்டுகளாக எடுக்கலாம். ஒன்று கேட்காமல், இன்னொன்று கதவைத் தட்டி, கேட்டு. இரண்டிலும் கணு இருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஜன்னலில் வைத்தால் மூன்று வாரத்தில் விடை கிடைத்துவிடும். கேட்டு வாங்கிய துண்டு வேர்விடாமல் போக ஒரு காரணமும் இல்லை. எதிர் வீட்டுக்காரரோடு பேச்சும் தொடங்கியிருக்கும்.