கைக்குத் தெரிந்த பாதை

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால், ஏறும்போதெல்லாம் அந்தப் பூக்கள் எந்தத் திணையில் வரும் என்று யோசித்துக்கொண்டே போவது என் வழக்கம். சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் அதே சாலையில் இறங்கி வந்தபோது ஒரு பலகையையும் நான் வாசிக்கவில்லை.

ஜீப்பை ஓட்டியவர் என் பெரியப்பா மகன். எஸ்டேட்டுகளுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப்போய் இருபது வருஷமாகப் பிழைப்பவர். மணலாறில் ஒரு காதுகுத்து முடிந்து இறங்குகிறோம். அண்ணன் நன்றாகவே குடித்திருந்தார். ஆறு மணிக்குச் சோதனைச் சாவடி அடைப்பதற்குள் அடிவாரம் சேரவேண்டும் என்ற அவசரம் வேறு. "என்ன தம்பி, பயமா இருக்கா? கண்ணக் கட்டி விட்டாலும் இந்த ரோட்டுல எங் கை தானா ஒடிக்கும்" என்றார். பின்னால் பெண்களும் பிள்ளைகளுமாக ஒன்பது பேர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நம்பினேன். குறைந்தபட்சம் நம்ப விரும்பினேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் முடியும் ஒவ்வொரு பயணமும் அந்த வாக்கியத்துக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

விளையாட்டு வீரர்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடும்போது நம் பத்திரிகைகள் இரண்டு கதையாடல்களைக் கையில் வைத்திருக்கின்றன. ஒன்று, சறுக்கி விழுந்த நாயகனின் கதை. மற்றது, பணத்திமிரின் கதை. இரண்டுமே ஒழுக்கம் பற்றியவை. இரண்டுமே கேட்காமல் விடுகிற கேள்வி திறமை பற்றியது. என் அண்ணன் சொன்ன வாக்கியத்தைத்தான் ஒரு வீரனின் உடலும் சொல்கிறது: என் கைக்குத் தெரியும், என் கால் சமாளிக்கும். நாமும் அதை நம்புகிறோம். ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் மல்யுத்தமும் சைக்கிள் பந்தயமும் சிட்ரோயன் காரும் அடுத்தடுத்துப் பேசப்படுவது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றும். வீரனின் உடல், எந்திரம் இரண்டையும் சுற்றி நவீன சமூகம் ஒரே வகையான மயக்கத்தைப் பின்னுகிறது. குடித்த வீரன் ஸ்டியரிங் பிடிக்கும்போது இரண்டு மயக்கங்களும் ஒரே வண்டியில் ஏறிக்கொள்கின்றன.

சென்னையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2016 செப்டம்பர் 19 அதிகாலை, கதீட்ரல் சாலை. ஓரமாக வரிசையில் நின்றிருந்த ஆட்டோக்கள்மீது ஒரு போர்ஷே கார் மோதியது. பல ஆட்டோக்கள் நொறுங்கின. ஓர் ஆட்டோ ஓட்டுநர் செத்துப்போனார்; வேறு சிலருக்குக் காயம். காரை ஓட்டி வந்தவர் கார்ப் பந்தயங்களில் பங்கேற்ற இளைஞர், சட்ட மாணவர். குடித்திருந்தார் என்பது போலீஸ் தரப்பின் வழக்கு. செய்தியைப் படித்தவர்கள் பலரும் கேட்டது ஒன்றுதான்: "ரேஸ் ஓட்டுறவனுக்கா இப்படி ஆச்சு?" அந்தக் கேள்விக்குள்ளேயே தொன்மம் உட்கார்ந்திருக்கிறது. பந்தயக்காரன் ஒருவன் தவறமாட்டான் என்பது அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் நகர்கிறது. குடியால் பிரேக் மிதிப்பது அரை நொடி தாமதித்தால் எட்டு மீட்டர். ஓர் ஆட்டோவின் நீளம் இரண்டரை மீட்டர் சொச்சம். ஆக, அரை நொடி என்பது மூன்று ஆட்டோ. வேகம் இரட்டித்தால் ஆறு ஆட்டோ. பயிற்சி இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. காரணம், மது முதலில் தொடுவது கையை அல்ல. எப்போது கையை நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று தீர்மானிக்கிற புத்தியை. கை தளர்வதற்கு முன்பே தன்னம்பிக்கை ஏறிவிடுகிறது. அதனால் திறமைசாலி குடித்தால் ஆபத்து குறையும் என்பதைவிட, அவன் கூடுதல் வேகத்தில் போவான் என்பதே நடப்புக்குப் பக்கம். பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது, கொடி காட்ட ஆள் நிற்பான், ஓரத்தில் ஆட்டோவுக்குள் யாரும் படுத்திருக்கமாட்டார்கள். அங்கே செல்லுபடியாகும் திறமை அந்தத் தடத்துக்கு உரியது. சாலை என்பது மற்றவர்களின் இடம்.

சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லவேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 10,000 ஆனது. இந்தப் பிரிவு 'நீ எப்படி ஓட்டினாய்' என்று கேட்பதில்லை. ரத்தத்தை அளக்கிறது, கையை அளப்பதில்லை. என் அண்ணனுக்கும் பந்தயக்காரருக்கும் ஒரே 30தான்.

உயிர் போனால் கேள்வி மாறுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவின்படி கவனக்குறைவால் ஏற்படுத்திய மரணத்துக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம். 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில் பத்து வருஷம் வரை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு, 'இதனால் ஆள் சாகக்கூடும் என்று அவனுக்குத் தெரியுமா' என்பது. 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் ஏழு பேர் இறந்த வழக்கில், குடித்து ஓட்டியவருக்கு இந்தக் கடுமையான பிரிவு பொருந்தும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் தண்டனை மூன்று வருஷத்தோடு நின்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவு மரணத்துக்கான உச்சவரம்பு ஐந்து வருஷமாகியிருக்கிறது. தெரிந்து செய்ததா என்ற கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

'தெரியுமா' என்று சட்டம் கேட்குமானால், வண்டியை நன்றாகத் தெரிந்தவனுக்குக் கூடுதலாகத் தெரியும் என்றுதானே ஆகிறது? இந்தத் தர்க்கத்தை நீதிமன்றம் ஓரிடத்தில் நெருங்கியிருக்கிறது. குடியோடு சம்பந்தமில்லாத வழக்கு அது. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் நடந்த சாலைத் தகராறில் 65 வயது முதியவர் ஒருவர் இறந்தார். கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் 1,000 ரூபாய் அபராதம் மட்டும் விதித்தது. 2022 மே மாதம் சீராய்வில் அதே நீதிமன்றம் ஒரு வருஷக் கடுங்காவல் தந்தது. குத்துச்சண்டைக்காரரோ மல்யுத்த வீரரோ கிரிக்கெட் வீரரோ அடித்தால் அந்தக் கையே ஆயுதமாகலாம் என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு காரணம். அங்கே பயிற்சி பெற்ற உடல் சலுகைக்கான காரணமாக இல்லை, பொறுப்பைக் கூட்டும் காரணமாக நின்றது. சாலையில் நாம் இதை நேர் தலைகீழாக அல்லவா வைத்திருக்கிறோம்!

இனி கொழும்புக்குப் போவோம். 2019 பிப்ரவரியில் இலங்கை அணி தென்னாப்பிரிக்காவில் டெஸ்ட் தொடரை 2-0 என்று வென்றது. ஆசிய அணி ஒன்று அங்கே தொடரை வென்றது அதுவே முதல்முறை. அணித்தலைவர் திமுத் கருணாரத்ன. மார்ச் 31 அதிகாலை பொரளையில் அவருடைய கார் ஒரு முச்சக்கர வண்டியில் மோதியது. அதன் ஓட்டுநர் காயமடைந்தார். குடித்து ஓட்டியதற்காகக் கருணாரத்ன கைதாகிப் பிணையில் வந்தார், மன்னிப்பும் கேட்டார். இலங்கை கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை மீறியதற்காக 7,500 டாலர் அபராதம் விதித்தது. ஏப்ரல் மாதமே அவரை உலகக்கோப்பைக்கான ஒருநாள் அணியின் தலைவராகவும் அறிவித்தது. அவரோ 2015 உலகக்கோப்பைக்குப் பிறகு ஒருநாள் போட்டியே ஆடாதவர்.

இதில் வாரியத்தைக் கடிந்துகொள்வது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அபராதத்தின் இலக்கணம். ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பு: வாரியம், வீரர். மீறப்பட்டது ஒப்பந்தம், கெட்டது வாரியத்தின் பெயர், கட்டவேண்டியதும் வாரியத்துக்கு. முச்சக்கர வண்டி ஓட்டுநர் இந்த வாக்கியத்தில் எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. நாயக பிம்பம் எப்படிக் கட்டப்படுகிறது என்று எம்.ஜி.ஆரை முன்வைத்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். விளையாட்டு அமைப்புகளின் ஒழுங்கு விதிகளை அந்தப் பழக்கத்தோடு படித்தால் தெரியும்: அவை காப்பது சாலையில் போகிறவனை அல்ல, பிம்பத்தை. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது பெங்களூர் அணிக்கு ஒரு விஸ்கியின் பெயரைத் தழுவித்தான் பெயர் வைத்தார்கள். மதுவை நேரடியாக விளம்பரம் செய்ய முடியாத தேசத்தில் விளையாட்டுச் சட்டை அதன் விளம்பரப் பலகையானது. குடியின் பெயரை மார்பில் போட்டுக்கொள்வது வியாபாரம், குடித்துப் பிடிபடுவது மட்டும் ஒழுங்கீனம்.

பிம்பத்துக்குப் பயன் தீர்ந்துபோனவர்களின் கதை வேறு. 2022 பிப்ரவரியில் மும்பை பாந்திராவில் குடித்து ஓட்டி மோதியதாக வினோத் காம்ப்ளி கைதாகிப் பிணையில் விடப்பட்டார். பத்திரிகைகள் அதைச் செய்தியாகப் போட்டதைவிட நீதிக்கதையாகப் போட்டன: ஒரே பள்ளி, ஒரே ஆசான், ஒருவன் உயர்ந்தான், ஒருவன் விழுந்தான். ஆடிக்கொண்டிருப்பவருக்குத் தலைமைப் பதவி, ஆடி ஓய்ந்தவருக்கு உபதேசம். இரண்டு இடத்திலும் மோதுபட்டவன் கதையில் இல்லை.

அப்படியானால் வீரர்களை ஆயுளுக்கும் ஒதுக்கிவிட வேண்டுமா? நான் அதைச் சொல்லவில்லை. ஆர்சனல் அணித்தலைவர் டோனி ஆடம்ஸுக்கு 1990 டிசம்பரில் குடித்து ஓட்டியதற்காக நான்கு மாதச் சிறை கிடைத்தது. உள்ளே போய்விட்டு வந்து ஆடினார். 1996இல் தான் குடிநோயாளி என்று வெளிப்படையாகச் சொன்னார். 2000இல் தன்னைப்போன்ற வீரர்களுக்காக ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். திரும்பி வருவதில் தப்பில்லை, எதைக் கடந்து திரும்புகிறார் என்பதுதான் கேள்வி. 2017இல் வேய்ன் ரூனி இதே குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அவருடைய கிளப் இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்தது. நீதிபதியோ பெரிய அபராதம் இவரிடம் அதே விளைவைத் தராது என்று கருதி, இரண்டு வருஷம் வண்டி ஓட்டத் தடையும் 100 மணி நேரம் சம்பளமில்லா வேலையும் விதித்தார். பணம் யாருக்கு வலிக்கும், யாருக்கு வலிக்காது என்று ஒரு நீதிமன்றம் யோசித்த இடம் அது. விளையாட்டு அமைப்புகளும் யோசிக்கலாம். வீரனின் சம்பளத்தில் பிடிக்கும் தொகை காயம்பட்டவனின் வைத்தியத்துக்கும் அவன் ஓட்டாத நாட்களின் கூலிக்கும் போகட்டும். தலைமைப் பதவி அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தத்தில் மூன்றாவதாக ஒரு தரப்பைச் சேர்த்தால் போதும்.

என் அண்ணனுக்கு வருகிறேன். அந்தச் சாயங்காலத்துக்கு ஒரு வருஷம் கழித்து அவர் சமவெளியில் வேறொரு நாள் ஊதிப் பிடிபட்டார். அபராதம் கட்டினார், லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது. வீரனுக்கு லைசென்ஸ் போனால் டிரைவர் வைத்துக்கொள்வான். இவர்தான் டிரைவர். மூன்று மாதமும் ஜீப்பு வாசலில் நிற்க, சின்னமனூர்த் தோட்டங்களில் வாழைத்தார் சுமந்தார். தண்டனை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். அன்று பின்னால் இருந்த ஒன்பது பேரை நினைத்தால் சொல்ல வாய் வராது. ஒரே குற்றத்துக்கு இவருக்குக் கிடைத்தது முழு எடை, அவர்களுக்குக் கிடைப்பது அபராதச் சீட்டு என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

லைசென்ஸ் திரும்பி வந்த அன்று ஏதோ பேச்சில் அந்தக் காதுகுத்தை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "நீ படிச்சவன். அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்றார்.

சொல்லியிருக்கலாம். அவர் கை மீது எனக்கிருந்த நம்பிக்கைதான் என் வாயை அடைத்தது. மைதானத்துக்கு வெளியே நிற்கும் நாம் வீரர்களுக்குச் செய்வதும் இதுதான். கைதட்டிக் கைதட்டி அந்தக் கையைத் தவறாத கையாக்கிவிடுகிறோம், பிறகு அது தவறும்போது ஒழுக்கம் பேசுகிறோம். அதற்கு முன்னால் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது: சாவியக் குடுண்ணே.