திட்டமிட்டவரே தீர்ப்புக் கூறலாமா?

தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யும் கணக்குப்பிள்ளையை எந்த ஊரும் நம்புவதில்லை. அவ்வாறிருக்க, எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எது வயலாகவே நிற்பது என்று பல வருஷங்களுக்கு விதிக்கும் ஸ்தல சபை, தன் திட்டத்தைத் தானே சரியென்று முடிவு செய்யலாமா? கூடாதென்பதே இங்கிலாந்துச் சட்டத்தின் விடை.

அங்கு ஸ்தல சபையின் திட்டம் முதலில் பொது ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பின்னர் மந்திரியால் நியமிக்கப்படும் பரீக்ஷகர் ஒருவர் அதை விசாரிக்கிறார். ஜனங்களின் தேவைக்குப் போதுமா, ஆதாரங்களுக்கு இசைந்ததா, நிறைவேறக் கூடியதா, தேசீயக் கொள்கைக்கு ஒத்ததா என்பவையே அவர் கேட்கும் கேள்விகள். உரிய காலத்தில் எழுதி மாறுதல் கோரிய எவரும், குடிசைவாசியாயினும், அவர் முன் தோன்றி வாதிக்க உரிமையுடையவர். முற்காலத்தில் பரீக்ஷகரின் சிபார்சைக் காரணங் காட்டிச் சபை தள்ளிவிடலாம். 2004-ம் வருஷத்துச் சட்டம் அவ்வழியை அடைத்தது.

இது வெறுஞ் சடங்கன்று. எஸ்ஸெக்ஸ் ஜில்லாவின் வட பாகத்தில் பிரெயின்ட்ரீ, கோல்செஸ்டர், டெண்ட்ரிங் என்னும் மூன்று சபைகள் கூடி, மூன்று புதிய தோட்ட நகரங்களை நிர்மாணிக்கத் திட்டமிட்டு 2017-ல் பரீக்ஷைக்கு அனுப்பின. கிராமவாசிகள் ஆக்ஷேபித்தனர், கோஷத்தோடு நில்லாமல் செலவுக் கணக்குகளையும் முன்வைத்தனர். பரீக்ஷகர் 2018-லேயே ஐயங்களை எழுப்பினார். சபைகள் மேலும் ஆதாரங்கள் திரட்டிவந்த பின்னரும், போக்குவரத்து வசதிகளின் செலவையும், வருஷந்தோறும் கட்டக்கூடிய வீடுகளின் தொகையையும் சீர்தூக்கி, இரண்டு நகரங்கள் நிறைவேறத் தக்கவை அல்லவென்று 2020-ல் முடிவு கூறினார். ஒன்று மட்டுமே எஞ்சியது. அவ்வாறு திருத்தப்பட்ட பாகத்தையே 2021-ல் சபைகள் ஏற்றன.

ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையை உத்தியோகஸ்தர் ஒருவர் தடுப்பது ஜனநாயகமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவர் பகிரங்கமாக விசாரித்துக் காரணங்களை எழுதி வெளியிட வேண்டியவர்; அவர் தவறினால் நீதிமன்றம் உண்டு. காலதாமதத்தால் விளையும் நஷ்டத்தையும் நாம் மறுக்கவில்லை. எழும்பாத நகரத்திற்காக நிலத்தையும் பணத்தையும் முடக்குவதால் வரும் நஷ்டமோ அதனினும் பெரிது.

அதிகாரத்தைக் காரணங் கேட்கும் உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. திட்டத்தைப் படித்து, கணக்கைப் புரிந்து, தவணை தப்பாமல் எழுதுவோர் உள்ள ஊரிலேயே அது உயிர் பெறும்.