கோல் பிடித்த கைகள் – 14: லிவிவ் நகரத்து மொஸார்ட்

பாம்பெர்க் நகரில் 2004ல் நடத்துநர்களுக்காக நடந்த மாலர் போட்டியில் துதாமெல் முதல் பரிசும் உக்ரைன் நடத்துநர் ஒக்ஸானா லீனிவ் மூன்றாம் பரிசும் பெற்றதைப் பார்த்தோம். இந்த வாரம் பைராய்ட் விழா என்று சொல்லியிருந்தேன். போவோம். அதற்கு முன் லீனிவின் ஊர்ப்பக்கத்தோடு சேர்ந்த ஒரு செய்தி. அதைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை.

மொஸார்ட்டின் கடைசி மகன் ஃப்ரான்ஸ் ஸேவர். 1791 ஜூலையில் பிறந்தார். டிசம்பரில் அப்பா போய்விட்டார். அம்மா கான்ஸ்டான்ஸ் அந்தப் பிள்ளையை அப்பாவின் பெயரிலேயே வளர்த்தார். சாலியேரியிடமும் ஹும்மலிடமும் பாடம் கேட்க வைத்தார். வியன்னாவில் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு இளைஞன் எப்படி மேடையேறுவான்? இருபது வயதுகூட ஆகாத நிலையில், கலீசியாவில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுக்கும் வேலையை ஏற்றுக் கிழக்கே புறப்பட்டுவிட்டார். பிறகு லிவிவ் நகரில் குடியேறினார். இன்று உக்ரைனில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அந்தப் பகுதியிலேயே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்!

1826ல் அங்கே புனித செசீலியா பெயரில் ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் அப்பாவின் 'ரெக்வியம்' இசையை நடத்தினார். அப்பா முடிக்காமல் விட்டுப்போன படைப்பு அது. அப்போது நான்கு மாதக் குழந்தையாக இருந்தவர், முப்பத்தைந்து வயதில் அதற்குக் கோல் பிடித்து நிற்கிறார். இதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

லீனிவ் 1978ல் பிறந்த ப்ரோதி, இந்த லிவிவ் மாகாணத்துச் சிற்றூர். இசை படித்ததும் லிவிவில்தான். மியூனிக்கில் நடத்துநர் கிரில் பெட்ரென்கோவுக்கு உதவியாளராக இருந்து, 2017ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் ஓப்பராவுக்குத் தலைமை நடத்துநர் ஆனார். அதே ஆண்டில் ஃப்ரான்ஸ் ஸேவரை நினைவில் வைத்து லிவிவில் 'லிவிவ் மொஸார்ட்' விழாவையும் தொடங்கினார். ஐரோப்பிய மேடைகள் அழைக்கிற நேரத்தில் சொந்த ஊரில் விழா எடுக்க உட்கார்ந்தாரே, அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். 'முதல் பெண்' என்ற பட்டம் அதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் பட்டம் வந்தது 2021 ஜூலை 25ல். 1876ல் வாக்னர் தொடங்கிய பைராய்ட் விழாவில் அதுவரை ஒரு பெண்கூட இசை நடத்தியதில்லை. லீனிவ் 'பறக்கும் டச்சுக்காரன்' நடத்தினார். அந்த அரங்கில் இசைக்குழு மேடைக்கு அடியில் இறங்கும் பள்ளத்தில், மூடிய கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். ஒலி முதலில் மேடைப் பக்கம் திரும்பி, பாடகர் குரலோடு கலந்து பிறகுதான் அவைக்கு வரும். நடத்துநர் காதில் விழுவது வேறு, ரசிகர் கேட்பது வேறு. பெரிய பெரிய நடத்துநர்களையே திணறடித்த பள்ளம் அது. விரிவாக எழுத வேண்டிய விஷயம், இடமில்லை.

அடுத்த வாரம் அந்தப் பள்ளம், அதன்பின் 2022ல் அவர் பொறுப்பேற்ற பொலோன்யா ஓப்பரா. பொறுப்பேற்ற அடுத்த மாதமே உக்ரைனில் போர் வந்துவிட்டது. 2016ல் அவர் உருவாக்கிய உக்ரைன் இளையோர் சிம்ஃபனியின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதையும் எழுதுகிறேன்.

(தொடரும்)