இசைத்தட்டு வேகமெடுத்தால் சுருதி ஏன் ஏறுகிறது?

காட்டாங்குளத்தூர் விடுதி அறை. எக்கோ நிறுவனம் வெளியிட்ட பழைய இளையராஜா இசைத்தட்டை எலக்ட்ரானிக் தாளத்தோடு கலக்க வேண்டும். பாட்டு நிமிடத்துக்கு 120 அடி, தாளம் 126 என்று வைத்துக்கொள்வோம். டர்ன்டேபிளில் சுழலும் வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை 5% ஏற்றினால் அடிகள் சேர்ந்துவிடும். ஆனால் சுருதியும் கிட்டத்தட்ட ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும்.

ஏன்? தட்டின் பள்ளத்தில் பாட்டு நெளிவுகளாகப் பதிந்திருக்கிறது. சுழற்சி நிமிடத்துக்கு 33⅓-ஐத் தாண்டினால், ஊசி நொடிக்குக் கூடுதல் நெளிவுகளைக் கடக்கும்; அதிர்வெண் கூடும். கணினியில் வேகத்தை மட்டும் ஏற்றினால், அதுவோ ஒலியைப் பொடித் துண்டுகளாக நறுக்கி, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டும். சுருதி அசையாது, தபலாவின் கூர்மைதான் சற்று மழுங்கலாம். அதனால் என் ஓட்டு ஊசிக்கே. பழைய தட்டு வாங்கும்போது மட்டும் விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்; ஆழமான கீறலை எந்தக் கலவையும் மறைக்காது.