ஊர்ப்பெயரும் உயிரினப் பரவல் மாதிரியும்: காரைக்குடி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓர் உயிரினம் எவ்விடங்களில் வாழக்கூடும் என்பதைக் கணித்துக் கூறும் பரவல் மாதிரிகள் இன்று சூழலியலில் பெருவழக்காக உள்ளன. அவற்றின் இயங்குமுறையைத் தமிழாய்வாளர்க்கு விளக்குவதும், காரைக்குடி வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் அவற்றுக்குச் சான்றாகத் தகும் எல்லையை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். மாதிரியை உருவாக்கும் தரவாக ஊர்ப்பெயர்களைக் கொள்வதைவிட, உருவான மாதிரியைச் சோதிக்கும் தனிச்சான்றாகக் கொள்வதே தக்கது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: பரவல் மாதிரி, இருப்புப் பதிவு, ஊர்ப்பெயராய்வு, செட்டிநாடு, இலுப்பை, வேல்.

1. முன்னுரை

தமிழக ஊர்ப்பெயர்களுள் மரஞ்செடிகொடிகளின் பெயரைத் தாங்கியவை மிகுதி. இலுப்பைக்குடி என்னும் பெயரைக் கண்டவுடன் அவ்விடத்தில் முற்காலத்தில் இலுப்பை மரங்கள் நிறைந்திருந்தன என முடிவு கூறுவது ஊர்ப்பெயராய்வில் இயல்பாகிவிட்டது. அம்முடிவு எத்தகைய சான்றின்மேல் நிற்கிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இவ்வினாவுக்கு இன்று நடைமுறைப் பயனும் உண்டு. சீமைக் கருவேலை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணைகள் 2017இல் பெரும் விவாதத்தை எழுப்பின. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. அகற்றிய இடத்தில் எதனை நடுவது என்ற கேள்வி எழும்போது, ஊர்ப்பெயர் எளிதில் கைக்கெட்டும் சான்றாகிறது. அச்சான்று பிழையானால் நடவும் பிழையாகும்.

2. மாதிரி இயங்கும் முறை

ஓர் உயிரினம் காணப்பட்ட இடங்களின் பட்டியலும், அவ்விடங்களின் வெப்பம், மழை, மண், உயரம் முதலியவற்றைக் காட்டும் வரைபட அடுக்குகளும் மாதிரிக்கு உள்ளீடுகள். காணப்பட்ட இடங்களின் சூழற்கூறுகளுக்குள் அமையும் ஒழுங்கினை மாதிரி கண்டறிகிறது. பின்னர் அவ்வொழுங்கு வேறு எவ்விடங்களில் பொருந்துகிறது என நிலப்பரப்பு முழுவதும் தேடித் தகுதி வரைபடம் ஒன்றைத் தருகிறது.

இதன் கோட்பாட்டு அடிப்படையை 1957இல் ஹட்சின்சன் செம்மைப்படுத்தினார். ஓர் உயிரினம் தாங்கக்கூடிய சூழல் எல்லைகள் அனைத்தும் அதன் அடிப்படை வாழ்வரம்பு. போட்டியிடும் பிற உயிரினங்களால் சுருங்கி எஞ்சுவது மெய்ப்பட்ட வாழ்வரம்பு. களத்தில் காண்பது பின்னதையே. எனவே ஓரிடத்தில் ஒரு மரம் இல்லாமை, அம்மரம் அங்கு வளராது என்பதற்குச் சான்றாகாது.

1980களில் ஆஸ்திரேலியாவில் உருவான பயோகிளிம், தட்பவெப்ப எல்லைகளைக் கொண்டு பரவலைக் கணித்தது. 2006இல் பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாபயர் ஆகியோர் அறிமுகப்படுத்திய மேக்சென்ட் பரவலாகக் கையாளப்படுகிறது. காணப்பட்ட இடங்களின் சூழல் சராசரிகளுக்கு முரண்படாத பரவல்கள் பலவாக இருக்கலாம். அவற்றுள் மிகச் சமச்சீரானதை இது தெரிவு செய்கிறது. அதாவது, தரவு சொல்லாத எதனையும் கூடுதலாக ஊகிப்பதில்லை. இருப்புப் பதிவு மட்டுமே உள்ள நிலையிலும் இயங்குவது இதன் சிறப்பு. எனினும் இது தருவது ஒப்பீட்டுத் தகுதியே. அவ்விடத்தில் உயிரினம் உண்டு என்னும் உறுதியாகாது.

ஊர்ப்பெயரும் இருப்புப் பதிவு மட்டுமே. இலுப்பைக்குடி என்னும் பெயர் இலுப்பை இருந்ததைச் சுட்டலாம். பிற ஊர்களின் பெயரில் இலுப்பை இல்லாமை எதனையும் சுட்டாது. எங்கும் மலிந்த மரம் ஓர் ஊரை மற்றோர் ஊரிலிருந்து வேறுபடுத்திக் காட்ட உதவாது. ஆதலால் மலிந்த மரம் பெயரில் இடம்பெறாமலும் போகலாம். சாலையோரத்தில் மிகுதியாகப் பதிவெடுத்ததால் உயிரினம் சாலையோரத்தை விரும்புவதாகக் காட்டும் மாதிரியின் பதிவுச் சாய்வுக்கு இது நிகரானது.

3. நான்கு பெயர்கள்

நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களுள் இலுப்பைக்குடி, வேலங்குடி, சூரைக்குடி ஆகியன அடங்கும். இவற்றோடு காரைக்குடியையும் சேர்த்து நோக்கினால் நான்கும் தாவரப்பெயரும் ‘குடி’யும் இணைந்தவையாகத் தோன்றுகின்றன. இவற்றை இருப்புப் பதிவுகளாக ஏற்குமுன் ஒவ்வொன்றையும் ஆராய்தல் வேண்டும்.

காரை என்பது வறண்ட புதர்நிலத்து முட்செடி. சுண்ணச்சாந்துக்கும் அதுவே பெயர். ஊர்ப்பெயருக்கு இவ்விரு விளக்கங்களும் வழங்குகின்றன. காரைப்பூச்சுக்குப் புகழ்பெற்ற மாளிகைகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழுந்தவை. அப்புகழை ஊர்ப்பெயருக்குக் காரணமாக்குவது காலவழு. எனினும் சுண்ணச்சாந்து அம்மாளிகைகளுக்கு மிக முந்தியது. ஆகவே இப்பெயர் ஐயத்துக்குரிய பதிவாகவே நிற்கிறது.

வேலங்குடியில் இலக்கணம் துணைசெய்கிறது. பூல், வேல், ஆல் என்னும் மூன்று பெயர்களும் அம் சாரியை பெறும் எனத் தொல்காப்பியப் புள்ளிமயங்கியல் விதிக்கிறது. வேல் + அம் + குடி என்பது அவ்விதிக்கு இயைகிறது. வேலன் என்னும் பெயரடியாகப் பிறந்து பேச்சில் திரிந்திருக்கவும் கூடும். மரமே என்று கொண்டாலும், எவ்வேல் என்பது தெளிவில்லை. கருவேல் ஏரியுட்பகுதியின் நீர்த்தேக்கத்தைத் தாங்கும்; வெள்வேலும் குடைவேலும் வறண்ட மேட்டுநிலத்துக்குரியவை. மூன்றையும் ஒரே புள்ளியாக்கினால் மாதிரி எவ்வேலுக்கும் பொருந்தாத சராசரி ஒன்றைக் கற்கும். சீமைக் கருவேல் இங்குப் பேச்சுக்கே உரியதன்று. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது என்பதைச் ‘சீமை’ என்னும் அடையே உணர்த்தும்.

சூரைக்குடி வழக்கில் சூரக்குடி எனவும் எழுதப்படுகிறது. சூரை என்னும் முட்கொடியைக் கொண்டு விளக்குவதற்கு ஐகாரம் உள்ள வடிவமே மூலம் என்பதைக் கல்வெட்டு வடிவங்களைக் கொண்டு முதலில் நிறுவ வேண்டும்.

நான்கனுள் பொருள் ஐயமற்றது இலுப்பைக்குடி. ஆனால் இங்கு வேறொரு சிக்கல் எழுகிறது. இலுப்பெண்ணெய் கோயில் விளக்குகளுக்குரியது. ஆதலால் இலுப்பை நட்டுப் பேணப்பட்ட மரம். அதன் இருப்பு மழையையும் மண்ணையும் மட்டும் சார்ந்ததன்று. விளக்குக்கு எண்ணெய் வேண்டிய சமூகத்தையும் சார்ந்தது.

4. அடுக்குகளில் இல்லாத மனிதர்

இச்சிக்கலை இதே மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் தெளிவாக்கும். திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்த இது 1977இல் அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 38.4 ஹெக்டேர். மாதிரிகளில் பெரிதும் பயன்படும் வேர்ல்டுகிளிம் தட்பவெப்பத் தரவின் மிக நுண்ணிய கட்டமே ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர். சரணாலயம் முழுவதும் ஒரு கட்டத்தின் பாதிக்கும் குறைவு.

நத்தை கொத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் இங்குக் கூடுவதற்கு வடகிழக்குப் பருவமழையும் கண்மாய் நீரும் காரணம், அவற்றை அடுக்குகளாக்கலாம். தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்று ஊரார் பல்லாண்டுகளாகக் காத்துவரும் கட்டுப்பாட்டை எந்த அடுக்கும் காட்டாது. மழையும் நீரும் ஒத்த அண்டைக் கண்மாய்க்கும் மாதிரி அதே தகுதியைத் தரும். பறவையோ இக்கண்மாயைத் தேர்கிறது.

இவ்வாறு மாதிரியில் விடுபடும் மனிதச் செயலைப் பதிந்து வைத்திருப்பவை ஊர்ப்பெயர்களும் கல்வெட்டுகளும் வழக்காறுகளுமே. தமிழாய்வின் பங்களிப்பு இவ்விடத்தில் தொடங்குகிறது.

5. பயன்படுத்தும் நெறி

வேர்ல்டுகிளிமின் இரண்டாம் பதிப்பு 1970 முதல் 2000 வரையிலான சராசரிகளைத் தருகிறது. பல நூற்றாண்டுப் பழைமையுடைய பெயரை அச்சராசரியோடு பிணைத்து மாதிரியைப் பயிற்றுவது காலமயக்கம். பெயர்களின் எண்ணிக்கையும் அதற்குப் போதாது. ஆகவே பின்வரும் நெறி பொருத்தமானது.

முதலில், இக்காலக் களப்பதிவுகளைக் கொண்டே மாதிரியை உருவாக்குதல் வேண்டும். அடுத்து, ஊர்ப்பெயர்களைப் பொருள் தெளிந்தவை, இனம் தெளியாதவை, ஐயத்துக்குரியவை எனத் தரம் பிரித்து, கல்வெட்டால் காலத்தின் கீழெல்லையை வரையறுத்தல் வேண்டும். இறுதியாக, தெளிந்த பெயர்களை மட்டும் வரைபடத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். தகுதி உயர்ந்து மரம் இல்லையெனில், நிலப்பயன்பாட்டு மாற்றத்தால் அம்மரம் மறைந்ததா என ஆராயலாம். மீள்நடவுக்கு முதலில் கருதத்தக்க இடங்கள் இவையே. தகுதி தாழ்ந்தும் பெயர் நிலைத்திருப்பின், நட்டுப் பேணியவர் யார், எந்நீரைக் கொண்டு பேணினர் என்று வினவுதல் வேண்டும்.

6. முடிவுரை

பெயரும் வரைபடமும் ஒத்துப்போகும் இடங்களைவிட முரண்படும் இடங்களே ஆய்வுக்கு வளமானவை. அம்முரண்பாட்டை விளக்கச் சூழலியலாளர்க்குப் புணர்ச்சி விதியும் கல்வெட்டுப் பாடமும் தேவைப்படும். தமிழாய்வாளர்க்கு வேல்களின் வேறுபாடும் பதிவுச் சாய்வு பற்றிய தெளிவும் தேவைப்படும். காரைக்குடி வட்டாரத்து ஊர்ப்பெயர்களை முற்கூறிய மூன்று தரங்களில் தொகுத்தளிப்பது, இத்துறையில் தமிழாய்வு முதலில் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.