எம்ஜிபி தானுந்தின் அசல் இருக்கைகள்

எம்ஜிபி தானுந்தின் அசல் இருக்கைகள் என்பவை, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் உருவான எம்ஜிபி விளையாட்டுத் தானுந்தில், அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது பொருத்தப்பட்டிருந்த இருக்கைகள் ஆகும். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்ட இவ்வண்டி இன்றும் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயினும் தனது ஆண்டுக்குரிய அசல் இருக்கையுடன் இருக்கும் வண்டிகள் ஒப்பளவில் குறைவே. இவ்விருக்கைகளை அடையாளம் காணல், தேடிப் பெறல், மீளமைத்தல் ஆகியன பழந்தானுந்து ஆர்வலர்களிடையே தனியொரு கலையாக வளர்ந்துள்ளன.

எம்ஜிபியின் பிற பாகங்களைப் பெறுவது கடினமன்று. 1988 ஆம் ஆண்டிலிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடற்கூடு புதிதாகச் செய்து விற்கப்பட்டு வருகிறது. பொறிக்கான உதிரிப்பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. இருக்கைக்குப் புதிய உறையும் புதிய நுரைமெத்தையும் கூட வாங்கலாம். ஆனால் அந்தந்த ஆண்டுக்குரிய எஃகுச் சட்டகத்தைப் பெரும்பாலும் இன்னொரு பழைய வண்டியிலிருந்தே பெற வேண்டியிருக்கும். அறுபதுகளில் தைக்கப்பட்ட தோலுறையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒருமுறை குப்பைக்குப் போனால் போனதுதான்.

அமைப்பும் கால மாற்றங்களும்

இருக்கையின் அடிப்படை எஃகுச் சட்டகம் ஆகும். அமரும் பகுதியில், சட்டகத்துக்கும் நுரைக்கும் இடையே, உடல் எடையைத் தாங்குவதற்கு இறப்பர் உண்டு. முந்தைய இருக்கைகளில் இது பட்டிகளாகவும், பிந்தையவற்றில் கொக்கிகளால் இழுத்துக் கட்டிய ஒரே விரிப்பாகவும் அமைந்திருக்கும். அதன்மேல் நுரை, அதற்கு மேல் உறை. இருக்கையை முன்பின் நகர்த்த உதவும் ரன்னர் எனப்படும் இரும்புப் பட்டைகள் வண்டியின் தரைத் தகட்டில் நேரடியாக அமர்வதில்லை. இடையில் நீளமான மரத்துண்டுகள் வைக்கப்பட்டுள்ளன. பலரும் அறியாத பாகம் இதுவே. முதலில் உளுத்துப்போவதும் இதுவே.

1962 இல் வெளிவந்த முதல் வண்டிகளின் இருக்கைகளில், உடல் படும் முகப்புப் பகுதி மட்டுமே உண்மையான தோலால் ஆனது. பக்கங்களும் பின்புறமும் செயற்கைத்தோல் ஆகும். "தோல் இருக்கை" என்று விற்பனையாளர் சொல்வதை முழுத்தோல் என்று எடுத்துக்கொண்டு, பின்னர் பக்கங்களைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக எண்ணுவோர் உண்டு. தொழிற்சாலையிலேயே அது அவ்வாறுதான் செய்யப்பட்டது. உறையின் தையல் விளிம்புகளில் பைப்பிங் எனப்படும் உருண்டை நாடா ஓடும். பல வண்ணச் சேர்க்கைகளில் இந்நாடா உறையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இருக்கும். கறுப்பு இருக்கையில் சிவப்பு அல்லது வெள்ளை நாடா வரும்போது அதன் அழகு எடுப்பாகத் தெரியும்.

1968 ஆம் ஆண்டின் இறுதியில், 1969 மாதிரி வண்டிகளுக்காக, முதுகுப்பகுதி சாயும் இருக்கைகள் வந்தன. அமெரிக்காவில் 1969 சனவரி 1 முதல் புதிய வண்டிகளின் முன்னிருக்கைகளுக்குத் தலைதாங்கி கட்டாயமாக்கப்பட்டது. எம்ஜிபியின் மிகப்பெரிய சந்தை அமெரிக்கா என்பதால், இருக்கையின் வடிவத்தை இங்கிலாந்தின் வடிவமைப்பாளர்கள் மட்டுமன்றி அமெரிக்கச் சட்டமும் முடிவு செய்தது எனலாம். இதற்கிடையில் 1968 இல் நிறுவனம் பிரிட்டிசு லேலண்டு என்னும் பெருங்குழுமத்தில் சேர்ந்தது. 1970 மாதிரி வண்டிகளில் தோலுக்குப் பதிலாக அம்ப்லா என்னும் வணிகப் பெயர் கொண்ட செயற்கைத்தோல் இடம்பிடித்தது. எழுபதுகளில் கூரையுடைய ஜிடி வகைக்குத் துணியுறைகள் வந்தன. 1976 இல் அறிமுகமான 1977 மாதிரி பிரித்தானிய வண்டிகளில், கடற்கரைச் சாய்வு நாற்காலியை நினைவூட்டும் பட்டைக்கோட்டுத் துணி பயன்படுத்தப்பட்டது. இத்துணி நெடுங்காலம் ஏளனம் செய்யப்பட்டது. அதனாலேயே பலர் கழற்றி எறிந்தனர். அதனாலேயே இன்று நல்ல நிலையில் அது அகப்படுவது அரிது.

அரிதானதன் காரணம்

அசல் இருக்கைகள் மறைந்ததற்கு வயதைவிட மாற்றமே பெரிய காரணம். பல ஆண்டு இருக்கைகள் சிறு மாறுதலுடன் பிற ஆண்டு வண்டிகளிலும் அமர்ந்துவிடும். எனவே கிழிந்த இருக்கைக்குப் பதில், வண்டிகள் உடைக்கப்படும் இடத்தில் கிடைத்த நல்ல இருக்கையைப் போட்டுக்கொள்வது எழுபது, எண்பதுகளில் வழக்கமாயிருந்தது. அன்று எம்ஜிபி மலிவான பழைய வண்டி. அதனை எவரும் மரபுச்சொத்தாகக் கருதவில்லை. 1989 இல் மாசுதா எம்எக்ஸ்-5 வெளிவந்த பின்னர், அதன் இருக்கைகளை எம்ஜிபியில் பொருத்துவதும் பரவலாயிற்று. அவை வசதியானவை, தலைதாங்கி உடையவை என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் ஓட்டுபவரைக் குறை சொல்லவும் இயலாது. அவர் கழற்றிய பழைய இருக்கையைப் பத்திரப்படுத்தினாரா என்பதே கேள்வி.

தட்பவெப்பமும் தன் பங்கைச் செய்தது. இங்கிலாந்தில் தங்கிய வண்டிகளில் ஈரம் தரைவிரிப்பில் ஊறி மரத்துண்டுகளை உளுக்கச் செய்து, சட்டகத்தின் கீழ்க்குழாய்களைத் துருப்பிடிக்கச் செய்தது. கலிபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட பகுதிகளுக்குப் போனவற்றில் சட்டகம் புதிதுபோல் இருக்க, வெயிலில் உறை வெடித்து நுரை பொடியாகிவிட்டிருக்கும். ஆகவே நல்ல சட்டகம் தேடுவோர் வறண்ட நாட்டையும், நல்ல உறை தேடுவோர் கொட்டகையில் நின்ற வண்டியையும் நாடுவது வழக்கம்.

அடையாளம் காணலும் தேடலும்

தேடுமுன் தன் வண்டிக்கு எது உரியது என்பதை உறுதிசெய்தல் வேண்டும். இங்கிலாந்தின் கெய்டன் கிராமத்திலுள்ள பிரித்தானியத் தானுந்து அருங்காட்சியகத்தில் அபிங்டன் தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடுகள் பேணப்படுகின்றன. அடிச்சட்ட எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், வண்டி கட்டப்பட்ட நாள், அனுப்பப்பட்ட இடம், உடல் நிறம் ஆகியவற்றுடன் உட்புற உறையின் நிறத்தையும் குறிக்கும் சான்றிதழ் வழங்கப்படும். ஓரிரு ஆயிரம் மைல் தொலைவிலிருந்து தவறான நிற இருக்கையை வரவழைப்பதைவிட இக்கட்டணம் சிறிது.

1930 இல் தோன்றிய எம்ஜி கார் கிளப், 1973 இல் தோன்றிய எம்ஜி உரிமையாளர் கிளப் ஆகியவற்றின் உறுப்பினர்கள் வழியாகவே பல இருக்கைகள் கைமாறுகின்றன. 1967 முதல் இங்கிலாந்தின் பியூலியில் நடைபெறும் பழைய உதிரிப்பாகச் சந்தையும் புகழ்பெற்றது. இவ்விடங்களில் வாங்குவோர் உறையின் அழகைப் பார்த்து மயங்குதல் கூடாது. இருக்கையைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். குழாய்கள் இணையும் பற்றவைப்பு இடங்களில் வெடிப்பு உள்ளதா, ரன்னர் தடையின்றி நகர்கிறதா, பூட்டு பற்கள் தேய்ந்துள்ளனவா என்பனவே விலையை முடிவு செய்ய வேண்டியவை. சாயும் இருக்கைகளில் இடம், வலம் என வேறுபாடு உண்டு. ஒரே பக்கத்து இருக்கைகள் இரண்டை வாங்கிவிட்டால் ஒன்றின் நெம்புகோல் தவறான பக்கத்தில் அமையும். உறை தோலா என்பதை அறிய, பிரிந்த தையலின் ஊடாக அதன் அடிப்புறத்தைப் பார்த்தால் போதும். தோலின் அடியில் மென்னார்கள் தெரியும். செயற்கைத்தோலின் அடியில் நெய்த துணி தெரியும்.

தோலைக் காத்தல்

இத்துறையில் பெரிதும் விவாதிக்கப்படும் கேள்வி, பழைய தோலுறையை வைத்துக்கொள்வதா, புதிது தைப்பதா என்பதாகும். பழந்தானுந்து அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2013 இல் உறுதிசெய்த தூரின் சாசனம், மீளமைப்பைவிடப் பாதுகாத்தலுக்கே முதலிடம் தருகிறது. அதற்கு முன்னரோ புதிதுபோல் பளபளக்கும் வண்டிக்கே போட்டிகளில் மதிப்பு அதிகமாயிருந்தது. அவ்வேட்கையில் பயன்பாட்டுக்கு உகந்த நிலையிலிருந்த எத்தனையோ உறைகள் கிழித்தெறியப்பட்டன.

அக்காலத்துத் தோலின் மேற்பரப்பு நிறமியும் மெருகும் பூசப்பட்டது. நாம் காணும் வெடிப்புகள் பலவும் இப்பூச்சில் தோன்றியவை. தோலின் உட்பகுதி பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். எனவே முதலில் மென்மையான சோப்பும் சிறிதளவு ஈரமும் கொண்ட துணியால் அழுக்கை நீக்கிப் பார்த்தல் வேண்டும். பழுப்பு என்று எண்ணிய இருக்கை சிவப்பாக வெளிப்படுவதும் உண்டு. வெடிப்புகளை நெகிழ்வான நிரப்பியால் அடைத்து, தோலுக்கென உள்ள நிறமியை மெல்லிய படலங்களாகப் பூசலாம். கிழிசலுக்கு அடியில் துணி ஒட்டுக் கொடுத்து விளிம்புகளைச் சேர்க்கலாம். எண்ணெயையும் களிம்புகளையும் தடவித் தோலுக்கு "உணவூட்டுதல்" என்னும் வழக்கம் பரவலாக உள்ளது. மெருகு பூசிய தோலுக்குள் அவை எளிதில் இறங்குவதில்லை. மிகுந்தால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். செயற்கைத்தோலுக்கு அவற்றால் பயனே இல்லை.

நைந்து நார்நாராகப் பிரியும் தோலைக் காப்பாற்ற இயலாது. அங்கும் முழு உறையையும் மாற்றாமல், கெட்டுப்போன பட்டைகளை மட்டும் மாற்றித் தைக்கும் தையற்காரர் கிடைத்தால் நன்று. ஒரே குறை, பொருத்தமான தோல் பெறுவது எளிதன்று. பிரித்தானியத் தானுந்துகளுக்கு நெடுங்காலம் தோல் வழங்கிய கொனலி நிறுவனத்தின் தோல் பதனிடும் தொழில் 2002 இல் மூடப்பட்டது.

சட்டகமும் மெத்தையும்

பிரிப்பதற்கு முன் ஒளிப்படம் எடுத்தல், உறையின் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிடுதல் ஆகியன இன்றியமையாதவை. புதிய உறை வாங்கியிருந்தாலும், பழையதை வேலை முடியும்வரை எறிதல் கூடாது. மடிப்புகள் எங்கே இழுத்துக் கட்டப்பட்டன, எந்த இடத்தில் கம்பி செருகப்பட்டது என்பனவற்றுக்கு அதுவே சான்று. அதன்பின்னும் எறியாதிருப்பது சிறந்தது. வருங்கால உரிமையாளர் ஒருவருக்கு அதுவே மாதிரியாக உதவும்.

சட்டகத்தின் துருவை நீக்கி, வெடித்த இணைப்புகளைப் பற்றவைத்த பின்னரே வண்ணம் பூசுதல் வேண்டும். தடித்த தூள்வண்ணம் வெடிப்புகளை மறைத்துவிடும் என்பதால், பூசுமுன் ஒவ்வோர் இணைப்பையும் ஒளியில் சோதித்தல் நன்று. இருக்கை என்பது விபத்தின்போது மனிதரைத் தாங்கும் பொருள்; அழகுப் பொருள் மட்டுமன்று. இறப்பர் பட்டிகள் நீண்டு தளர்ந்திருந்தால், புதிய நுரை போட்டாலும் ஓட்டுநர் பள்ளத்தில் அமர்ந்ததுபோல் தாழ்ந்தே இருப்பார். பழைய நுரை இறப்பர் காற்றிலுள்ள உயிர்வளியால் சிதைந்து தூளாகிவிடும். அதைக் காக்க வழியில்லை. புதிய நுரை அளவுக்கு மீறித் தடித்தோ கடினமாகவோ இருந்தால் உறையின் தையல்கள் இழுபட்டு வடிவம் கெடும்.

உறையை வெயிலில் சிறிது நேரம் வைத்து இளக்கிய பின் ஏற்றினால் சுருக்கம் குறையும். முதலில் நடுப்பகுதியை நிலைநிறுத்தி, விளிம்பு நாடா நேராக ஓடுகிறதா என்று எட்ட நின்று பார்த்து, அதன்பின் பக்கங்களை இழுத்தல் முறை. பக்கத்திலிருந்து தொடங்கினால் கோணல் கடைசியில்தான் தெரியவரும்.

பொருத்துதல்

இருக்கையைத் திரும்ப வைக்குமுன் தரைத் தகட்டைப் பார்த்தல் வேண்டும். அங்குள்ள மரைகள் துருப்பிடித்திருந்தால் இருக்கை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இவ்வண்டியின் ஆணிகள் யூஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு மரை கொண்டவை. தோற்றத்தில் ஒத்த மில்லிமீட்டர் ஆணியை வலிந்து முடுக்கினால் மரை சிதைந்துவிடும். புதிய மரத்துண்டுகளுக்கு ஈரம் புகாதவாறு பூச்சுக் கொடுத்து, அவற்றினூடே செல்லும் ஆணிகளைச் சூழ்ந்துள்ள உலோகக் குழல்களை மறவாமல் இடுதல் வேண்டும். குழல் இல்லாமல் முடுக்கினால் மரம் நசுங்கும். சில மாதங்களில் இருக்கை ஆடத் தொடங்கும். இரண்டு ரன்னர்களும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்பதை, ஆணிகளை முழுதும் இறுக்குமுன் இருக்கையை முன்பின் நகர்த்திப் பார்த்து அறியலாம்.