மாத்திரை விழுங்கியதும் உடைந்த சிவப்பணுக்கள்

மலேரியாவுக்கான பிரைமாகுவின் மாத்திரை பெரும்பாலோரை ஒன்றும் செய்யவில்லை. சிலருக்கு மட்டும் சில நாட்களில் சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளித்தது, ரத்தசோகை வந்தது. 1950-களில் அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறையில் ஆல்ஃப் ஆல்விங்கின் குழு இதை ஆராய்ந்தது. சோதனைக்கு உட்பட்டவர்கள் கைதிகள். கம்பிக்குள் இருப்பவர் தரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி அந்த ஆய்வை இன்றும் விட்டபாடில்லை.

கோளாறு உடம்பிலா, ரத்த அணுவிலா? பாதிக்கப்பட்டவரின் சிவப்பணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு நல்ல உடம்புக்காரருக்கு ஏற்றி, அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஏற்றிய அணுக்கள் மட்டும் உடைந்தன. மாற்றிச் செய்தபோது நல்ல அணுக்கள் பாதிக்கப்பட்டவரின் உடம்பிலும் தப்பின. ஆக, கோளாறு அணுவுக்குள்தான். 1956-ல் அதன் பெயரும் தெரிந்தது: குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் குறைவு. சுருக்கமாக ஜி6பிடி.

ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுவுக்கு அந்தச் சுமையே ஆபத்து. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்கள் ஓயாமல் பிறக்கின்றன. இவை சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகுவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். பிரைமாகுவின் அதைக் கூட்டுகிறது. குளுட்டாதயோன் இந்த அரிக்கும் பொருள்களை முறிக்கிறது. முறித்ததும் தானே செயலிழக்கிறது. அதை மீட்க என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு வேண்டும். மற்ற செல்களுக்கு அதைப் பெற வேறு வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கோ ஜி6பிடி தொடங்கிவைக்கும் பாதை ஒன்றுதான் கதி.

உட்கருவும் இல்லாததால் புது நொதி செய்துகொள்ளவும் முடியாது. கட்டிக்கொடுத்த சோற்றை வைத்தே சுமார் 120 நாள் பயணத்தையும் முடித்தாக வேண்டும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலான குறைபாட்டு வகையில் நொதி சீக்கிரம் தேய்வதால் கிழட்டு அணுக்களே முதலில் உடைகின்றன, இளசுகள் தாக்குப்பிடிக்கின்றன. மருந்தைத் தொடர்ந்தபோதும் ரத்தசோகை தானாகத் தணிந்தது; அதன் மர்மம் இதுதான். மத்தியதரைக்கடல் வகையில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஃபாவா அவரை தின்றாலே விபரீதம் நேரலாம்.

உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறைபாடு உண்டு. மலேரியா மண்டிய பகுதிகளில் இது மலிந்திருப்பது தற்செயலல்ல: கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு தருகிறது. பெரும்பாலோர் ஆயுள் முழுக்க அறிகுறியே இல்லாமல் வாழ்கிறார்கள். ஆனால் நம் வீட்டு அலமாரிப் பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் இவர்களின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. அந்த வாடையோடு எடுத்த துணியில் பச்சைக் குழந்தையைச் சுற்றுவது வேண்டாத வேலை. அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படும். ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்று கொண்டாடப்படும் வைட்டமின் சி-யும் மிகுந்த அளவில் நரம்பில் ஏற்றினால் இவர்களுக்கு ஆபத்து. ஆக்சிஜனேற்றத்தைப் பொதுவான எதிரியாக்கி விற்கும் விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

ஈரலில் பதுங்கும் வைவாக்ஸ் மலேரியாவை ஒழிக்கப் பிரைமாகுவின் இன்றும் தேவை. வினை வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். 2018-ல் அமெரிக்கா அனுமதித்த டஃபினோகுவின் ஒரே வேளை மருந்து. ஆனால் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். அதனால் நொதியின் செயல்பாடு 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் கொடுக்கலாம். இங்கேதான் பெண்களுக்குச் சிக்கல். இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டு எக்ஸில் ஒன்றில் மட்டும் கோளாறுள்ள பெண்ணின் ரத்தத்தில் நல்ல அணுவும் நொதி குன்றிய அணுவும் கலந்து ஓடும். சாதாரணப் பட்டைச் சோதனை பெரும் குறைவை மட்டுமே காட்டும். இப்படி நடுவில் நிற்கும் பெண்ணுக்குக் குறையில்லை என்றே சொல்லிவிடும்.